காயில் ஆறும் வரை

வண்டி நடுவழியில் நிற்குமா என்று கேட்டீர்கள். இப்போது நிற்காது. பழைய காரை விற்கும்போது வாங்குகிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நிற்கும். இக்னிஷன் காயில் சூடேறினால் இன்ஜின் அணைந்துவிடும். ஈரத்துணி சுற்றி, ஆறும் வரை காத்திருந்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். நானே புதுக் காயில் வாங்கி மாட்டினேன். குறை தீர்ந்தது.

ஏழாம் மாதம் என் மனைவி கீதாஞ்சலிக்கு வளைகாப்பு நடந்தது. அன்றே தாய்வீட்டுக்கு, கரையாம்புத்தூருக்கு, அழைத்துப்போக வேண்டும் என்றார் என் மாமியார் அமுதம். பிரசவமாகிக் கைக்குழந்தையோடுதான் திரும்புவாள். அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். அன்று காலை பழைய காயிலையே திரும்ப மாட்டினேன்.

பாகூர் ஏரியைத் தாண்டியதும் வண்டி நின்றது. வளையல் அடுக்கியவளை ஏற்றிய வண்டி வழியில் நின்றால், அன்று பயணம் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"வூட்டுக்கே திருப்பிடுங்க மாப்ளே. வேற நல்ல நாளா பாத்துக்கலாம்" என்றார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

மகளை அழைத்துப்போகும் வரை அவரும் எங்களோடு தங்கினார். அடுத்த நல்ல நாளுக்கும் தேவைப்படும் என்று பழைய காயிலைக் கழற்றவில்லை. புதியது டேஷ்போர்டுக்குள் இருந்தது.

அந்த நாள் வருவதற்குள் ஒரு மதியம் கீதாஞ்சலிக்கு ரத்தம் போகத் தொடங்கியது. மூவரும் புதுச்சேரிக்குக் கிளம்பினோம். வயல்களுக்கு நடுவே வண்டி நின்றது.

காயிலை மாற்றுவது சிறிய வேலை. ஆனால் மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். புதியதை வைத்துக்கொண்டு பழையதை ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார். ஈரத்துணி சுற்றினேன். பின்னால் வந்த டெம்போவுக்கு மாமியார் கைகாட்டப் போனார்.

"வேணாம் அத்தே. தோ, இப்ப ஸ்டார்ட் ஆயிடும்" என்றேன். டெம்போ போய்விட்டது.

பின்சீட்டில் படுத்திருந்த கீதாஞ்சலி, "இன்னாங்க, உங்க மொத பொண்டாட்டிக்குக் கோவம் இன்னும் ஆறலியா?" என்று கேட்டாள். வண்டியை அவள் அப்படித்தான் சொல்வாள். பிறகு அவள் பேசவில்லை.

மருத்துவமனையில் இருவரையும் காப்பாற்ற முடியவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். கருமாதி முடிந்ததும் புதுக் காயிலை மாட்டினேன்.

மாமியார் இன்றுவரை வண்டியைத்தான் திட்டுகிறார். அவரிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஸ்டார்ட் ஆகும் என்றேன். ஆனது.