ஏழாம் குடிலின் சிவப்புக் கொடி

காலையில் பண்ணைக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வணக்கம் சொல்வது என் வழக்கம், ஐயா. எங்கள் மலைப்பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். மேலதிகாரிதான் முதலில் கையை நீட்ட வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நான் சேர்த்தது. கயாம்பே ஊருக்கு மேலே அந்த ரோஜாப் பண்ணையில் பத்தொன்பது வருடமாக விவசாய இன்ஜினியராக இருக்கிறேன். இருநூற்றுப் பத்துப் பேரின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்கள் என்னை இன்ஜினியரம்மா என்பார்கள். ஹெர்மானியா என்ற என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

பொறுப்பில் இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சிறு கையேடு எழுதியதும் நான்தான். பாராட்டை நாலு பேர் முன்னால் சொல், குறையைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல். உனக்குக் கீழே இருப்பவரின் முடிவில் அவர் ஆட்கள் முன்னால் தலையிடாதே. குரலை உயர்த்தாதே. முதலாளி அதை அச்சடித்து எல்லாப் பிரிவிலும் ஒட்டினார்.

நார்சிசா அதைப் படித்தாளா என்பதே சந்தேகம். பூ வெட்டும் வேலைக்கு வந்தவள், ஆறு வருடத்தில் பதினோரு பெண்களுக்கு மேற்பார்வையாளர் ஆனாள். மதியம் அந்தப் பெண்களோடு மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரே பாத்திரத்தில் கைவிட்டு வறுத்த சோளம் தின்பாள். தப்பு செய்தவளை எல்லோர் முன்னாலும் வறுத்தெடுப்பாள். திட்டு வாங்கியவள் சிரித்துக்கொண்டே போவாள். அது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இறந்தோர் நாளுக்கு முன் எங்கள் ஊரில் குழந்தை உருவத்தில் ரொட்டி சுட்டு, பிடித்தவர்களுக்குக் கொடுப்போம். இந்த வருடம் திங்கட்கிழமையன்று நார்சிசாவின் மேசையில் முப்பத்தொரு ரொட்டிக் குழந்தைகள் இருந்தன. எண்ணினேன் என்பதை மறைக்கவில்லை. என் மேசையில் ஒன்று. அதை வைத்த ஸோய்லா என்ற பெண், "எல்லாருக்கும் குடுத்தது போக ஒண்ணு மிச்சம் இருந்துச்சும்மா. வீணாப் போயிடக் கூடாதுல்ல?" என்றாள். கள்ளமில்லாத பெண். நன்றி சொல்லி, அவள் கண் முன்னாலேயே ஒரு துண்டு பிட்டுத் தின்றேன். மரியாதை என்றால் அதுதான்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பண்ணை முழுவதையும் இனி நார்சிசா பார்த்துக்கொள்வாள் என்றார். "சனங்க அவ பின்னாடி போறாங்க ஹெர்மானியா. அது படிச்சு வர்றதில்ல" என்றார். வாழ்த்துகள் என்று சொன்னேன். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வயிறு மட்டும் எரிந்தது, ஐயா. வீட்டுக்குப் போன பிறகும் எரிந்தது.

அன்று மாலையே மருந்தடிப்பவர்களிடம், வியாழனன்று ஏழாம் பசுமைக் குடிலுக்கு அடிக்க வேண்டிய பூச்சிமருந்தைப் புதன் விடிகாலையிலேயே அடித்துவிடச் சொன்னேன். வியாழன் இறந்தோர் நாள் விடுமுறை என்பதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. மருந்தடிக்கும் நாளைக் குறிக்கும் பலகையில் தேதியை மாற்றி எழுத மறந்துவிட்டதாக முன்பு விசாரணையில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்தடித்த குடிலின் கதவில் யாரும் உள்ளே போகக் கூடாது என்று மறுநாள் வரை சிவப்புக் கொடி தொங்கும். எங்களுக்குக் கொடிதான் சட்டம், பலகை இல்லை.

புதன் காலை ஏழு மணிக்கு நார்சிசா தன் பெண்களோடு வந்தாள். நான் அங்கே கை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்ஜினியரம்மா, ஏழுல கொடி இல்ல. ஆனா ஒரு மாதிரி வாசம் வருது. போகலாமா, வேணாமா?"

"பலகையில என்ன போட்டிருக்கு?"

"நாளைக்குன்னு இருக்கு."

பின்னாலிருந்து ஸோய்லா, "அக்கா மூக்குக்கு எப்பவுமே ஏதாவது வாசம் வரும்மா. எங்க வீட்டு ரொட்டி கருகுனது ரெண்டு தெரு தள்ளி இவங்களுக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"அடியே, நீ சுட்டா மூக்கே வேணாம், புகையே வந்து கூப்பிடும்" என்றாள் நார்சிசா. பிறகு மறுபடி என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கம்மா."

"உங்க பிரிவு, உங்க ஆளுங்க. நீங்க எடுக்குற முடிவுல நான் குறுக்க வர மாட்டேன்" என்றேன். கையேட்டில் உள்ளதுதான். விடுமுறைக்கு முன் முடிக்க வேண்டிய பூ நிறைய இருந்தது. உள்ளே போனார்கள்.

ஒன்பது மணிக்கு முதல் பெண் வாந்தி எடுத்தாள். நார்சிசா ஒவ்வொருத்தியாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தாள். கடைசியாக ஸோய்லா. வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் அவள் இறந்தாள்.

கொடியைக் கட்டினோம் என்று மருந்தடித்தவர்கள் சத்தியம் செய்தார்கள். கதவில் கொடி இல்லை. அப்படியானால் வேலை முடிய வேண்டும் என்று நார்சிசாதான் கழற்றியிருப்பாள் என்று எல்லாரும் நினைத்தீர்கள். என் அறிக்கையில் அவளைப் பற்றி ஒரு குறைகூட நான் எழுதவில்லை. கடும் உழைப்பாளி, எடுத்த வேலையை எப்பாடு பட்டாவது முடிப்பவள் என்று பாராட்டித்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டுத்தான் அவளைச் சிறையில் வைத்தீர்கள்.

அதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மூன்று ஞாயிறாக நான் சிறைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். அந்தப் பத்துப் பெண்களும் வருகிறார்கள், இரண்டு பேர் இன்னும் நடக்கவே தடுமாறுகிறார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. போன வாரம் வரிசையில் ஸோய்லாவின் அம்மாவும் நின்றாள். கார் கண்ணாடியை இறக்கி, அந்த வெயிலில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "நார்சிசா கொடியத் தொட்டிருக்க மாட்டா தாயி. எம் பொண்ணத் தூக்கிட்டு ஓடி வந்தவ அவ. அவளுக்கு ஒரு வாய் சோறு குடுக்காம நான் எப்படித் திங்கறது?" என்றாள்.

அதனால்தான் இன்று வந்தேன். கொடியை நார்சிசா கழற்றவில்லை. ஆறே முக்காலுக்கு நான் கழற்றினேன். அழுக்காக இருந்தது, கழுவலாம் என்று எடுத்தேன். கழுவி, இஸ்திரி போட்டு, என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அவர்கள் உள்ளே போவார்கள் என்று தெரியும். போனால் என்ன ஆகும் என்றும் தெரியும், நான் அதைத்தான் படித்தேன்.

நார்சிசாவை இன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் இருந்த அறையையே எனக்குக் கொடுத்தாலும் சரி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஐயா. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர்களை எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்? என் ஆட்கள் வருவார்கள்; அவர்களைக் காக்க வைப்பது மரியாதையாக இருக்காது.