முதல் விலை

டீ ஆறட்டும் டாக்டர், அவசரமில்லை. மாட்டுச் சந்தையில் வளர்ந்தவன் நான். நின்று நிதானித்துப் பேசினால்தான் எனக்குப் பேசின மாதிரி இருக்கும்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா மாட்டுத் தரகர். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரே துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். "ஆறுச்சாமி, எவனா இருந்தாலும் மொத விலைய மட்டும் நம்பிப்போடாத" என்பார் அப்பா. நான் மனோதத்துவம் படிக்கப் போனபோது சந்தையே சிரித்தது. "மாட்டுக்குப் பல்லப் பாக்கலாம், மனுசனுக்கு என்னத்தடா பாப்பே?" என்றார்கள். மனிதனுக்கும் முதல் விலை உண்டு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் வேலுத்தாய் மூன்று வருஷமாக ஏன் இங்கே இருக்கிறாள் என்று கேட்டீர்கள். தமிழ் தெரிந்த டாக்டர் இந்த மலையாளத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு வருவது இதுதான் முதல் தடவை. கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

எழுபத்து நாலில் இங்கிருந்து மலைக்குப் போகும் எங்கள் குழுவில் மூன்றே பேர்: டாக்டர் சுவக்கீன், ஜீப் ஓட்டுகிற மொக்கையன், நான். மாதம் ஒரு சனிக்கிழமை வண்டன்மேட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் முகாம். ஆட்கள் முதலில் என்னிடம் வருவார்கள். நான் பேசிப் பார்த்து, நிஜமாகவே நோய் இருப்பவர்களை மட்டும் உள்ளே டாக்டரிடம் அனுப்புவேன். டாக்டர் மலையாளக் கடற்கரைக்காரர், நல்ல மனிதர். தமிழ் புரியும் என்று நினைத்துக்கொள்வார். தோட்டத்து ஆட்கள் வேகம் எடுத்ததும் என் முகத்தைப் பார்ப்பார்.

அந்த ஆடி மாதம் கருத்தப்பாண்டி வந்தான். வேலுத்தாயின் புருஷன். வாசலில் அவளும் நின்றாள்.

"சாரு, தூக்கமே இல்ல. எதுக்கு இருக்கோம்னு தோணுது. இந்த மாசம் தாண்ட மாட்டேன். செத்துருவேன்" என்றான்.

ஆடிச் சாரலில் மலையில் எல்லோருக்கும் ஒரு நோய் வரும். ஈரக் காட்டில் அட்டைக் கடியோடு களை எடுக்க யாருக்குத்தான் பிடிக்கும்? நான் சிரித்துக்கொண்டே, "பாண்டி, இது முதல் விலை. இறங்கி வா" என்றேன்.

என்னையே பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். "சரி சாரு. தூங்கவாவது ஒரு மாத்திரை குடுங்க."

இறங்கிவிட்டான். பேரம் படிந்தது என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். டாக்டரிடம் விடவில்லை. நாலாம் நாள், ஏலச்செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக் குடித்துச் செத்துக் கிடந்தான்.

அடுத்த முகாமுக்கு வேலுத்தாய் வந்தாள். அழவில்லை. என்னைத் தாண்டி நேராக டாக்டர் மேசைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, எம் புருசன் சாகப்போறேன்னு இந்தச் சாருகிட்டச் சொன்னாரு. நான் வாசல்ல நின்னு கேட்டேன். இவரு வெளாட்டுப் பண்ணி அனுப்பிட்டாரு. ஆமான்னு இவரு ஒங்க முன்னால ஒரு வார்த்த சொல்லட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் யோசித்தேன். அது தெரிந்தால் டாக்டர் மேலே எழுதுவார், முகாமை நிறுத்துவார்கள். அதை நம்பி எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். ஒரு மாடு முட்டியதற்காகச் சந்தையை மூடுவதா? மலையாளத்தில் சொன்னால் அவளுக்குப் பாதி புரிந்துவிடும். ஆங்கிலத்தில் சொன்னேன்: செத்த புருஷன் ஏலச்செடிக்குள்ளிருந்து பேசுகிறானாம், குரல் கேட்கிறதாம், என்னைக் கொல்லச் சொல்கிறதாம்.

துண்டு விரித்தாயிற்று. டாக்டர் தலையாட்டினார். தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நினைத்து அவளும் தலையாட்டினாள்.

டாக்டர் ஊசியை எடுத்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கத்தினாள், என் சட்டையைப் பிடித்துக் கிழித்தாள். அதற்குப் பிறகு டாக்டருக்குச் சந்தேகம் இருக்க வழியில்லை. கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும்போது மொக்கையன்தான், "சாரு, இந்தப் பொம்பள தெளிவாத்தான பேசுச்சு?" என்று முணுமுணுத்தான். "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றேன்.

இங்கே வார்டில் யாருக்கும் தமிழ் கிடையாது. அவள் பேசுவதெல்லாம் பிதற்றல் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். மாதாமாதம் வந்து பேசிப் பார்ப்பது நான் ஒருவன்தான். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு எவன் வந்தான்?

டாக்டரிடம் அன்றைக்கு நான் சொன்னதை, செடி, குரல் எல்லாவற்றையும், அவளுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். முதல் வருஷம் அதே பேச்சு: "சொன்னாரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க." இரண்டாம் வருஷம் அதை விட்டுவிட்டாள். மகளைப் பற்றி மட்டும் கேட்டாள்; ஏழு வயசுப் பிள்ளை, தோட்டத்து லயத்து வீட்டில் பெரியம்மாவோடு இருக்கிறது. போன மாதம் நான் உட்காருவதற்கு முன்பே கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் நெசம் சாரு. எனக்குக் குரல் கேட்டுச்சு. செடிக்குள்ள இருந்து அவருதான் பேசுனாரு. ஒத்துக்கிட்டேன். இனி எம் புள்ளகிட்ட விடுங்க."

அப்பா சொன்னதை நான் மறந்தவனில்லை டாக்டர். முதல் விலையை நம்பக் கூடாது. ஆனால் இது மூன்று வருஷம் இறங்கி இறங்கி வந்து சொன்ன கடைசி விலை. அதை நம்பாமல் எப்படி? அன்றைக்கே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். நீங்களும் போய்த் தமிழில் கேளுங்கள், அதையேதான் சொல்வாள். செடிக்குள்ளிருந்து புருஷன் பேசுகிறான் என்று தன் வாயாலேயே சொல்கிற ஒருத்தியை, மனசாட்சி உள்ளவன் எவனாவது ஒரு பெண் குழந்தையிடம் அனுப்புவானா?