தேயிலைப் பெட்டிக்குள் குதித்தவன்

அந்தப் படத்தைப் பார்த்து நானும்தான் சிரித்தேன், ஐயா. பதுளைக்கு வந்த சிரிப்புப் படம். மூன்று கூட்டாளிகள் மழைக்கு ஒதுங்கி ஒரு பழைய தேருக்குள் படுத்துத் தூங்குவார்கள். கண் விழித்தால் ராசா காலம். ஒருத்தன் டார்ச் லைட்டை அடித்துக் காட்ட, ராசா பயந்து சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிக்கத் தெரியாத ஆள் என்று என்னைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

நீங்கள் பதுளைக் கோர்ட்டில் பேர்போன வக்கீல். மடுல்சீமை ரோட்டில் கார் நின்றுபோய், மீதி வழியை நடந்தே வந்திருக்கிறீர்கள். பிளேன்டீ ஆறுவதற்குள் குடியுங்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். இந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணிக்கு மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் விசாரிக்க வந்த அழகரும் அதே படத்தைத்தான் பார்த்தான். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தியிலும் கெட்டிக்காரன், வாயிலும் கெட்டிக்காரன். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். நடுவில் கோமாளி வந்து சிரிப்புக் காட்டுவான். அவன் துரையைக் கேலி செய்யலாம், கணக்கப்பிள்ளையைக் கேலி செய்யலாம்; யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். இந்த வருஷம் அழகர்தான் கோமாளி.

அவனும் இரண்டு கூட்டாளிகளும் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் குதித்தார்கள். ஒருத்தனுடைய பின்பக்கம் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பெட்டி சுழன்று நின்றதும் எழுந்து பார்த்தால், ராசா காலம் இல்லை; மன்னார்க் காட்டு வழி. இந்தியாவிலிருந்து ஆட்களை நடத்திக் கூட்டிவந்த காலம். அழகர் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப் பூண் தடியுமாக ஒரு கங்காணி ஆனான். அந்தக் காலத்தில் கங்காணியாக இருந்த என் அப்பாவைப் போலவே இடது காலை இழுத்து நடந்தான். வழியில் ஒரு பொம்பளை காய்ச்சலில் விழுந்து கிடக்கிறாள். கைப்பிள்ளை பக்கத்தில் அழுகிறது. குதிரையில் வந்த வெள்ளைக்காரத் துரை, இது யார் ஆள் என்று கேட்கிறான்.

"இவ என் ஆளு இல்லீங்க, தொர. எனக்குத் தெரியவே தெரியாது" என்றான் அழகர். தாண்டிப் போனவன் திரும்பி வந்து, அவளுடைய சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்தப் பொம்பளை அழகரின் அப்பனைப் பெற்றவளாம். அப்பன் சொல்லிவிட்டுச் செத்த கதையாம். என் மருமகள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கோபிக்கவில்லை. எழுந்து போய் அழகருக்குத் துண்டு போர்த்தி, "நல்லா செஞ்சடா" என்றேன். நான் வழக்கத்தை மீறாதவன்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் யாரோ "இவ என் ஆளு இல்லீங்க" என்று முணுமுணுக்க, வரிசையே குலுங்கியது. பிறகு கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் ஆரம்பித்தார்கள். லயத்து வீட்டு வாசல்களில் சிறுசுகள் காலை இழுத்து நடந்து காட்டின. கங்காணி என்றால் என்ன, ஐயா? அவன் சொல்லுக்கு ஆட்கள் அடங்கி நிற்பதுதான். சிரித்தவன் பிறகு நிற்பானா? என் வயிறு எரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்தியாவிலிருந்து கள்ளத்தோணியில் வந்தவர்களைப் பிடிக்கிறோம் என்று பொலிஸ் ஜீப் வந்தது. அழகர் பயப்படவே இல்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டே, "நா இங்கயே பொறந்தவங்க. எங்க பெரிய கங்காணியக் கேளுங்க, அவரு சொல்லுவாரு" என்றான். அவனுக்குப் பிறப்புப் பதிவு கிடையாது; அந்தக் காலத்தில் லயத்தில் யார் பதிந்தார்கள்? சனம் கூடிநின்று கத்தியது. அவர்களுக்கே குடியுரிமை இல்லாதபோது யாருக்கு யார் சாட்சி? துரை இந்தத் தோட்டத்துக்குப் புதிது. இன்ஸ்பெக்டரும் துரையும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"இவன் என் ஆளு இல்லீங்க, தொர" என்றேன். "நம்ம அழகர் செத்துட்டான். இவன் தோணியில வந்து அந்தப் பேருல ஒட்டிக்கிட்டவன்."

அழகர் சிரித்தான். கூத்தில் அவன் சொன்னதை நான் திருப்பிச் சொல்லிக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். ஜீப்பில் ஏற்றிக் கதவைச் சாத்தும் வரைக்கும், நானும் சிரிப்பேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யார் சொல்லி ஜீப் வந்தது என்று கேட்டீர்கள். நான்தான். தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, லொறியில் பசறைப் பொலிசுக்குப் போய் நானே சொன்னேன்.

அவன் பெண்சாதி ஜெயலெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் என் வாசலில் நிற்கிறாள். "ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. அவருக்குப் பேரு வச்சதே நீங்கதானே" என்கிறாள். ஆமாம், நான்தான் வைத்தேன். என் மடியில் உட்காரவைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினார்கள். அதனால்தானே என் சொல் செல்லுபடியானது.

நீங்களும் அதையே கேட்கிறீர்கள். "ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், கங்காணியார். வெள்ளிக்கிழமை தலைமன்னாரிலை கப்பல் ஏத்திப்போடுவினம்" என்கிறீர்கள். தெரியும். அக்கரையில் அவனுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது என்பதும் தெரியும். பழைய காலத்துக்குப் போக ஆசைப்பட்டவன் அவன். அவன் பாட்டி வந்த வழியாகவே போகட்டும். பெட்டிக்குள் குதி என்று நானா சொன்னேன்?

உங்களிடம் சொன்னதை அதிகாரி முன்னால் சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் வருவேன். இதே தலைப்பாகையோடு நின்று, அவனை எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். எத்தனை தரம் கேட்டாலும் அதுதான்.

ஒன்றை மட்டும் நீங்கள் நம்பவேண்டும். அந்தக் கூத்தில் காட்டியது பச்சைப் பொய். தன்னை நம்பி நின்ற ஓர் உயிரைத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போக என் அப்பாவால் முடியாது. எங்கள் பரம்பரையிலேயே அப்படி ஒருவர் கிடையாது.