குசினியில் வந்திறங்கியவர்கள்

காலை ஏழு முப்பத்தாறுக்கு, ஹம்பேர்க் ஆல்டோனா மேடையில் ஒரு மாணவி புத்தகப்பையைக் கொட்டித் தேடினாள். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணக் கரையில் குடியேறியதைப் பற்றி வகுப்பில் அவள் பேச வேண்டிய தாள்கள் அதில் இல்லை.

"எட்டு மணி ரயிலை விட்டா டீச்சர் எனக்கு ஆறுதான் போடுவா, அம்மா."

"ஆறெண்டா ஃபெயிலே? அழாதை. நான்தான் பத்திரமா எடுத்து வைச்சனான். அப்பாவுக்குச் சொல்லிட்டன், கொண்டு வாறார்."

அவர்களோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்த எனக்கும் பள்ளிக்குப் போகும் மகள் உண்டு. நானும் மேடைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தாய் பேச்சை மாற்றினார்.

"அதுசரி, என்ன எழுதினனீ? கோட்டை கட்டினாங்கள், கோயிலை இடிச்சாங்கள், போயிட்டாங்கள். எங்கட வீட்டில அவங்கட சாமான் ஒண்டுமில்லை."

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பேக்கரிப் பாண்."

"அது அவங்கட சொல். எங்க இருந்து சாப்பிட்டனீங்கள்?"

"அடுப்புக்குப் பக்கத்தில, குசினிக் கதிரையில."

"ரெண்டும் அவங்கட சொல்தான். அலுமாரி, சாவி, சப்பாத்து எல்லாம் அந்தத் தாளில இருக்கு."

"விசர்க்கதை! கதிரை நல்ல தமிழ். நாற்காலிதான் இந்தியாக்காரற்ற சொல்."

"நான் புத்தகத்தில பாத்தனான், அம்மா."

"உன்ர அப்பா தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவற்ற வாயில அவங்கட சொல் ஒண்டும் வராது. வரட்டும், கேப்பம்."

எட்டு மணி ரயில் வந்து கதவைத் திறந்தது. மகள் ஏறாமல் மேடைக்கு வரும் படிக்கட்டையே பார்த்து நின்றாள். தந்தை மூச்சிரைக்க ஓடிவந்து தாள்களை அவள் கையில் திணித்தார்.

"அலுமாரிச் சாவியைத் தேடித்தான் பிள்ளை, சுணங்கிப் போனன்."