பிரெட்ரிக் பெயரில் இருந்த பெட்டி

என் பெயர் அற்புதம்மாள், வயது 54, காலஞ்சென்ற பிரெட்ரிக்கின் மனைவி. பிரிஞ்சாங் ஊருக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில் மூன்றாம் லயம், ஏழாம் எண் வீட்டில் இருக்கிறேன். கொழுந்து எடுக்கும் வேலை. நான்காம் வகுப்பு வரை படித்தேன். போலீஸ் சார்ஜன் காளிமுத்து கேட்க, தமிழில் சொல்கிறேன்.

மண்சரிவுக்கு முன்பே சங்கு ஊத எங்கள் மலையில் ஆறு ஏஐ பெட்டிகள் நட்டிருக்கிறார்கள். அவற்றுக்கு மேலே ஆபீஸ் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒன்றோடொன்று பேசித் தாங்களே முடிவு செய்யும். ஒவ்வொன்றும் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயரில் இருக்கும். ஐந்து பெட்டிகள் மண்ணின் ஈரத்தைச் சொல்லும், அதிக நாள் தவறாமல் பேசிய பெட்டி தன் கம்பி குத்திய மண்ணையும் பார்த்து உறுதி சொல்லும். அது சொன்னால்தான் சங்கு ஊதும். அந்தப் பொறுப்பு என் வீட்டுக்காரர் பெட்டிக்குக் கிடைத்திருந்தது.

அவர் மார்ச் மாதம் இறந்தார். அதன் பிறகு பெட்டிகளைக் கவனிக்கும் ப்ரியா வந்து, "அற்புதம்கா, ஆளு இல்லன்னா பேரும் இருக்கக் கூடாதுலா. உங்க பேருக்கு மாத்திரலாம், ஆனா பொறுப்பு வேற பெட்டிக்குப் போயிரும்" என்றாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவர் போனில் பெட்டி, "பிரெட்ரிக், நீங்கள்தானா?" என்று கேட்கும். ஆமாம் என்று அழுத்தியது நான்தான்.

அதன் பிறகு அடைமழையில் வெயில் இல்லாமல் சார்ஜ் இறங்கி, பெட்டி பேசாமல் போனது. போனில் பச்சையாக இருந்த அவர் பெயர் சாம்பல் நிறமானது. என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் பேசாவிட்டால் பொறுப்பும் போய்விடும். ஆகவே பெட்டியைப் பிடுங்கி வந்து அடுப்படியில் கரண்டு கொடுத்து, அதன் கம்பியைப் பால்மாவு டின்னில் போட்ட காய்ந்த மண்ணில் குத்தி வைத்தேன். தான் யார் என்று பெட்டிக்குத் தெரியும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. பெயர் மறுபடி பச்சையானது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒன்பதாம் நாள் மதியம் மூன்று மணிக்கு, ஐந்து பெட்டிகள் ஆபத்து என்றன. என் அடுப்படிப் பெட்டி இல்லை என்றது. சங்கு ஊதவில்லை. மலை சரிந்து, எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த மோகனாவின் மேல் சுவர் விழுந்தது.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனேன். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. "அக்கா, அண்ணன் பெட்டி ஏன் சொல்லல?" என்றாள். "மழையில கெட்டுப்போச்சும்மா" என்றேன். அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் நட்டும் விட்டேன்.

அதன் பிறகு கொழுந்து நிறுக்கும் இடத்தில், "செத்தும் கெடுத்தான்யா பிரெட்ரிக்கு" என்று கூட வேலை செய்யும் தங்கையா சொன்னதைக் கேட்டேன். கூடையை இறக்கி நிறுக்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரம் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று ஞாயிறு. இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் கேட்டது. இல்லை என்று அழுத்திவிட்டு, போனையும் டின்னையும் சார்ஜனிடம் கொடுத்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் சொல்லிக்கொடுக்கவோ மிரட்டவோ இல்லை.

(ஒப்பம்) அற்புதம்மாள்