சிரித்தாளா, சென்றாளா?

‘வாயைத் திற’ என்று சொல்லிச் சொல்லியே வாழ்நாளெல்லாம் வலி தீர்த்தவரும், இன்று என் வாயைத் திறக்க அனுமதி தந்து தனக்கே வலி தேடிக்கொண்டவருமான நம் படம் பார்ப்போர் மன்றத் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! பன்னிரண்டு பிள்ளைகளைக் காலைக் காட்சிக்குப் பத்திரமாக அழைத்து வந்து, பத்திரமாகத் திருப்பி அழைத்துச் சென்று, இன்று தனியே வந்து இந்த மேடையை அணிசெய்யும் காப்பகத்து அம்மா அவர்களே! முழங்காலில் வலியும் முகத்தில் மலர்ச்சியுமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! ஒரு தோளில் குழந்தையையும் மறு தோளில் கருத்தையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! இருட்டில் அமர்ந்து நமக்கு வெளிச்சம் காட்டும் ஆபரேட்டர் அண்ணன் அவர்களே! மூன்றாம் வரிசை ஓரத்தில், என்னைப் பார்க்கக் கூடாது என்ற ஒரே கொள்கையோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் துணைவியார் அவர்களே! அனைவருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரனின் முழுமனதான வணக்கம்!

நம் மன்றத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு படம். பார்த்தவர்கள் கருத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அத்தனை சீட்டையும் படித்து, அத்தனை பேர் மனத்தையும் பிழிந்து, ஒரே ஒரு வாக்கியமாக்கி வாசல் பலகையில் எழுதவேண்டியது செயலாளரின் வேலை. செயலாளர் யார்? அடியேன். இதுவரை நாற்பத்தோரு படங்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒருமுறையாவது தடுமாறினேனா? தயங்கினேனா? தலையைச் சொறிந்தேனா? இல்லை! இந்த முறை தடுமாறினேன், தயங்கினேன், சொறிந்து சொறிந்து இருந்த நாலு முடியும் போயிற்று. சிரிக்காதீர்கள், அம்மா. பின்னால் நிற்பவர்களுக்கு என் தலையில் பட்ட விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதாம்.

வராதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. காப்பகத்தில் வளர்கிறாள் ஒரு பெண். எட்டு வயதில் அவளை முதலில் பார்க்கிறோம். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் அவளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே வளர்கிறாள், படிக்கிறாள், பேசாமல் இருக்கிறாள், பதினெட்டு வயதாகிறது. கதை இவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, கடைசியில் ‘முற்றும்’ என்றுகூடப் போடவில்லை. பெரிய படம், முற்றும் போடுவது அதற்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது!

வந்து விழுந்த சீட்டுகள் எண்பத்தாறு. ஒரு வாரமாகப் படிக்கிறேன். இதோ, தச்சர் ஒருவர் எழுதுகிறார்: ‘மழையில் நனைந்து வந்த பெண்ணுக்குக் கதவைத் திறந்து, மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்களே, அவள் வாய்விட்டுச் சிரித்தாளே, அதோடு படத்தை முடித்தது மனநிறைவு. மேசையின் ஒரு கால் குட்டை.’ அருமை! அடுத்த சீட்டு, பேருந்து நடத்துநர்: ‘சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளே, கடைசிவரை திரும்பிப் பார்த்தாளா? பேருந்தில் சீட்டும் வாங்கவில்லை. வளர்ப்பு சரியில்லை.’ அதுவும் அருமை! ரொட்டிக் கடை அம்மா எழுதுகிறார்: ‘அந்தக் கடைசிச் சிரிப்பில் அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம்.’ சொல்லமாட்டேன், அம்மா. இன்னொருவர்: ‘வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. வாடகை அறையில் தன்னந்தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், படம் முடிந்துவிட்டது. இதற்கா வளர்த்தார்கள்?’

எனக்குத் தலை சுற்றியது, ஐயா! சிரித்து முடித்தாளா? சென்று முடித்தாளா? ஒரே ஊர், ஒரே திரை, ஒரே படம். ஒருவர் கண்ணுக்கு வீடு தெரிகிறது, ஒருவர் கண்ணுக்கு வீதி தெரிகிறது. பார்வை பழுதென்றால் கண்ணாடி மாட்டிவிடுவேன். இது எந்தப் பழுது? இதற்கு எந்தக் கண்ணாடி?

இந்தக் குழப்பம் சீட்டோடு நின்றிருந்தால் நான் சிரித்துக்கொண்டே போயிருப்பேன். வீட்டுக்குள் வந்துவிட்டது. காப்பகத்து அம்மாவிடமும் துணைவியாரிடமும் இதைச் சொல்லலாமா என்று மேடையேறும் முன்பே கேட்டுவிட்டேன். ‘சொல்லுங்க, மறைக்க என்ன இருக்கு’ என்றார் காப்பகத்து அம்மா. துணைவியார் பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை எங்கள் மகளாக அழைத்துக்கொள்ளக் கேட்டிருந்தோம். எல்லாம் முடிந்து, துணைவியாரும் கையெழுத்துப் போட்டாயிற்று; என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாளைக் காலை பத்து மணிக்குக் கெடு.

கடையைப் பூட்ட முடியாதென்று துணைவியார் காலைக் காட்சிக்குப் போனார். நான் மாலைக் காட்சிக்குப் போனேன். திரும்பி வந்து சொன்னேன்: “வேணாம்மா. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு இவளும் இப்படிப் போயிட்டா நான் தாங்கமாட்டேன்.” அவர் கையில் இருந்த கண்ணாடி நழுவியது. “எங்க போயிட்டா? கடைசியில அவ எப்படிச் சிரிச்சா, அதைப் பாத்துமா வேணாங்கறீங்க?”

“சாவியை வெச்சுட்டுப் போனாளே, அது உனக்குச் சிரிப்பா?”

“நீங்க தூங்கிட்டீங்க. வழக்கம்போல.”

“நீ அழுதுகிட்டுக் கண்ணை மூடியிருப்ப. வழக்கம்போல.”

அப்போது பார்வைப் பரிசோதனை நாற்காலியில் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையை மூன்று முறை படித்து முடித்துவிட்டார், நாங்கள் நிறுத்தவில்லை. கடைசியில் அவரே எழுந்து, “நான் ரெண்டு கண்ணையும் மூடிக்கவா, இல்ல போயிட்டு அப்புறம் வரவா?” என்றார். அன்றிலிருந்து ஒரு வாரமாக எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்கிறோம்.

என்ன, தலைவர் ஐயா? இருங்கள், தலைவர் சட்டையை இழுக்கிறார். சீட்டுக்கட்டை என் கையிலிருந்தே பிடுங்கிவிட்டார். என்ன சொல்கிறார் கேளுங்கள்: “வெள்ளைச் சீட்டு எல்லாத்துலயும் சிரிக்கிறா. மஞ்சள் சீட்டு எல்லாத்துலயும் போயிடறா. ஒண்ணுகூட மாறலையே!”

மஞ்சளா? ஆமாம். காலைக் காட்சிக்கு வெள்ளைத் தாள் கொடுத்தோம். தீர்ந்துபோகவே மாலைக்கு மஞ்சள் கொடுத்தோம். அப்படியென்றால் காலையில் பார்த்தவர் அத்தனை பேருக்கும் அவள் சிரித்தாள். மாலையில் பார்த்தவர் அத்தனை பேருக்கும் அவள் சென்றாள். ஒரு வாரம் படித்தேனே, ஊருக்கே பார்வை விற்பவன், தாளின் நிறத்தைப் பார்த்தேனா? படித்த கண்ணுக்குப் பார்க்கத் தெரியவில்லையே!

ஆபரேட்டர் அண்ணே! ஏன் வாசல் பக்கம் நகர்கிறீர்கள்? நில்லுங்கள், அண்ணே. அடிக்கமாட்டோம். அங்கிருந்தே சொல்லுங்கள், நான் ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்கிறேன். “படப்பெட்டியில அஞ்சு ரீல் வந்துச்சு. டப்பா மேல ஒரு நம்பர், உள்ளே ரீல் முனையில ஒட்டின தாள்ல ஒரு நம்பர். கடைசி ரெண்டுக்கும் ரெண்டு நம்பரும் ஒத்துப்போகல.” சரி. “காலையில டப்பா நம்பர்படி ஓட்டினேன். சாப்பிடப் போனப்ப மனசு கேக்கல. சாயங்காலம் ரீல் நம்பர்படி ஓட்டினேன்.” அண்ணே! எது சரி? “தெரியலைங்க. எப்படி ஓட்டினாலும் கதை பொருந்திப்போச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல, நானும் வாயைத் திறக்கல.”

கேட்டீர்களா? வந்தவள் போனாளா, போனவள் வந்தாளா? பெட்டியோடு படியேறியது முதலா, பெட்டியோடு படியிறங்கியது முதலா? சத்தம் வேண்டாம், நண்பர்களே, எனக்கே புரியவில்லை! யாரோ ஒருவர், ‘அனுப்பினவங்களைக் கேட்டுப் பாருங்க’ என்கிறார். கேட்கலாம். கேட்டு, ‘சிரிப்புதான் கடைசி’ என்றால் நான் நாளைக்குக் கையெழுத்துப் போடுவேனா? ‘போனதுதான் கடைசி’ என்றால் என் துணைவியார் தன் கையெழுத்தை அழிப்பாரா? டப்பாவில் ஒட்டிய ஒரு துண்டுத் தாளைப் பார்த்தா ஒரு பிள்ளைக்கு வீடு உண்டு, இல்லை என்று தீர்மானிப்பது? வெட்கமாக இருக்கிறது, ஐயா. ஒரு வாரம், ஒரு குழந்தை எனக்காகக் காத்திருக்க, நான் ரீல் மாற்றி ஓட்டிய படத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்! பலகையில் இந்த மாதம் நான் எதையும் எழுதப்போவதில்லை.

தலைவர் ஒரு சீட்டைத் தனியாக நீட்டுகிறார். இது வெள்ளை. ஆனால் சிரித்ததையும் எழுதவில்லை, சென்றதையும் எழுதவில்லை என்கிறார். நான் எப்படி இதை விட்டேன்? இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்ததாம். குழந்தையின் கையெழுத்து; பெயர் இல்லை. படிக்கிறேன்.

‘வாசல்ல எல்லார் செருப்பும் இருக்கு. அந்த அக்கா செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில இருக்கு. ஏன்னா இங்க வையின்னு யாரும் சொல்லல.’

இது மூன்றாவது ரீல், மாறாத ரீல். காலையில் பார்த்தவர்களும் பார்த்தார்கள். மாலையில் பார்த்தவர்களும் பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு. யார் கண்ணிலாவது பட்டதா? மேசைக்குக் கால் குட்டை என்று கண்டோம்! பேருந்துக்குச் சீட்டு வாங்கவில்லை என்று கண்டோம்! இதைக் கண்டோமா?

காப்பகத்து அம்மா ஏதோ சொல்கிறார். “எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தாங்க. புதுசா வந்தா செருப்பைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டுத்தான் படுக்கும். எப்பக் கிளம்பச் சொல்வாங்களோன்னு. ஒண்ணு ஒரு மாசத்துல வெளிய கொண்டுபோய் வைக்கும். ஒண்ணுக்கு மூணு வருஷம் ஆச்சு.”

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மகளாகக் கேட்டிருந்த அந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். “அதை வெளிய வைம்மா” என்றேன். போனாள், திரும்பி வந்தாள். செருப்பு அப்போதும் கையில்தான் இருந்தது. சொன்னதைக் கேட்காத பிள்ளை என்று நினைத்தேன். வெளியே வை என்றேனே, எங்கே என்று சொன்னேனா? என் செருப்புக்கு இடம் இருந்தது, துணைவியாரின் செருப்புக்கு இடம் இருந்தது. இரண்டு மணி நேரமும் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, பள்ளியில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்!

இந்தச் சீட்டை எழுதியது அவளா, வேறு பிள்ளையா, எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால், தாய்மார்களே, பெரியோர்களே, ஒன்று கேட்கிறேன். வளர்ந்தபின் போய்விடுவாளோ என்று நடுங்குகிறோமே, வந்தபோது வைத்துக்கொண்டோமா? வீட்டைக் கொடுத்தோம் என்கிறோமே, வாசலில் ஒரு சாண் இடம் கொடுத்தோமா? சாவியைக் கொடுத்தோம், சாப்பாட்டைக் கொடுத்தோம், ‘இது உன் இடம்’ என்ற ஒரு சொல்லைக் கொடுத்தோமா? போகட்டுமே! பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். பெற்ற பிள்ளைகள் போகவில்லையா? வேலைக்குப் போகவில்லையா, திருமணமாகிப் போகவில்லையா? அவர்கள் போனால் ‘முன்னுக்கு வந்துவிட்டான்’ என்கிறோம். இவள் போனால் ‘நன்றி கெட்டவள்’ என்கிறோம்! எந்த ஊர் நியாயம் இது? போகக் கூடாது என்று பூட்டிவைப்பது வீடா? போய்விட்டுத் திரும்பி வந்தால் செருப்பைக் கழற்றிவிட ஓர் இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் வீடு! அதுதான் வீடு! கைதட்டாதீர்கள், நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் வரிசைக்குச் சொல்கிறேன். உன்மேல் தப்பில்லை. நீ கண்ணை மூடவில்லை, நானும் தூங்கவில்லை. எனக்குப் பயம் போகவில்லை, பயத்தோடுதான் வருகிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு என் கையெழுத்தும் விழும். என்ன? என்ன சொல்கிறாள்? “மொதல்ல மேடையை விட்டு எறங்குங்க” என்கிறாள். நண்பர்களே, ஒரு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிவிட்டாள்!

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், ஒட்டிக்கொண்டிருந்ததையும் சேர்த்துச் சீட்டெழுதிய எண்பத்தேழு பேருக்கும், தப்பாக ஓட்டினாரோ சரியாக ஓட்டினாரோ, இரண்டு முறையும் நன்றாக ஓட்டிய ஆபரேட்டர் அண்ணனுக்கும், உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். நான் உடனே போகவேண்டும், வழிவிடுங்கள். எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியில் இரண்டே தட்டுதான் இருக்கிறது.