மாப்பிள்ளை உள்ளே கிளவுட் தேர்வு எழுதுகிறார், கைதட்டாதீர்கள்

தலைமை தாங்கி, தலை சாய்ந்து, தற்போது கண்ணயர்ந்திருக்கும் அவைத்தலைவர், என்னைப் பெற்ற தந்தையே! அவருக்குக் குறட்டை வந்தால் தோளைத் தொட்டு எழுப்புவதற்கென்றே அருகில் அமர்த்தப்பட்டிருக்கும் சித்தப்பா அவர்களே! முன்வரிசையில் முத்துக் கோத்தாற்போல் வீற்றிருக்கும் மூத்தோர்களே! வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு அமர்ந்திருக்கும் வாஞ்சைமிகு தாய்மார்களே! மாப்பிள்ளையோடு ஒரே அலுவலகத்தில் உழைக்கும் உயர்ந்த உள்ளங்களே! உங்கள் அனைவரையும் என் குரலில் மிச்சமிருக்கும் கால்வாசியால் வணங்குகிறேன்.

வேண்டாம், கைதட்ட வேண்டாம். தட்டியே தீர வேண்டும் என்று கை துடித்தால் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.

என்ன ஐயா, பின்வரிசையில் கேட்கவில்லையா? அரைகுறையாகக் கேட்பதுதான் ஐயா இன்றைய ஏற்பாடு. மேடைப் பக்கத்து ஒலிபெருக்கிகளை அணைத்துவிட்டோம். வாசல் பக்கத்துப் பெட்டி மட்டும் முணுமுணுக்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

இந்த மேடைக்குப் பின்னால் ஒரு நடை. நடையின் கடைசியில் ஓர் ஒப்பனை அறை. அந்த அறைக்குள், என் தங்கையின் கணவர், இவ்விழாவின் நாயகர், தன்னந்தனியாகத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தத் தேர்வில் தேறியதற்காகத்தான் அவருக்கு இந்தப் பாராட்டு விழா. இன்னும் தேறவில்லை.

சிரிக்காதீர்கள், சிரிப்பும் சத்தம்தான்.

மாப்பிள்ளை தம் அலுவலகத்தின் சர்வர் அறையை, அதாவது பெரிய கணினி எந்திரங்கள் அடுக்கிய அறையைக் காத்தவர். எந்திரத்துக்கு வியர்த்தால் இவருக்கு வியர்க்கும். எந்திரம் படுத்தால் இவர் படுக்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் நிர்வாகம் சொன்னது: இனிமேல் சொந்த எந்திரம் கிடையாது, கிளவுடுக்குப் போகிறோம். கிளவுட் என்றால் என்ன? யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் எந்திரங்களை அடுக்கி வைத்திருப்பார். நாம் இங்கிருந்தே இணையம் வழியாக வேண்டிய அளவுக்கு வாடகைக்கு எடுப்போம். கூட்டம் வந்தால் கூட்டுவோம், குறைந்தால் குறைப்போம். இதன் அடிப்படைத் தேர்வில் தேறுகிறவர்களுக்குப் புதிய நாற்காலி. தேறாதவர்களுக்கு வீட்டு நாற்காலி. முதல் முறை தோற்றார். இரண்டாம் முறை நாம் எல்லோருமே வேன் பிடித்துத் தேர்வு மையத்துக்குப் போனோமே, ஜன்னலுக்குக் கீழே நின்று கையசைத்தோமே, நினைவிருக்கிறதா? அத்தனை அன்பையும் கண்ணாரக் கண்டும் மனிதர் தோற்றார். இன்று மூன்றாம் முறை. இதற்குமேல் வாய்ப்பில்லை என்று அலுவலகம் எழுத்திலேயே தந்துவிட்டது.

அதை ஏன் ஐயா கல்யாண மண்டபத்தில் எழுதுகிறார் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, ஆனால் அதை இவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்க வேண்டாம்.

பாடத்தில் கட்டணம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அவ்வப்போது எடுத்தால் வாடகை அதிகம், முன்கூட்டியே உறுதி சொல்லிவிட்டால் மலிவு. இதைப் படித்த கையோடு மாப்பிள்ளை செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய், தம் வெற்றி விழாவுக்கு இந்த மண்டபத்தை முன்பதிவு செய்துவிட்டார். அதே அத்தியாயத்தின் அடுத்த பக்கம் சொல்கிறது: உறுதி சொன்ன பிறகு பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காசு போனது போனதுதான். அந்தப் பக்கத்தை அவர் திரும்பி வந்த பிறகு படித்தார். மண்டபக்காரர் தேதியை மாற்ற மறுத்தார். தேர்வும் அதே தேதியில் வந்து விழுந்தது.

வீட்டில் எழுதலாமே என்றால், இந்த முறை தேர்வு மையத்தில் அல்ல, இருந்த இடத்திலிருந்தே கணினி வழியாக. கேமராவில் ஒருவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் இன்னொரு முகம் தெரியக் கூடாது, இன்னொரு குரல் கேட்கக் கூடாது, கேட்டால் தேர்வு ரத்து. அவர் வீட்டிலோ இரண்டு அறை, ஏழு பேர். குளியலறைக்குக்கூட வரிசைதான். ஏற்கெனவே காசு கட்டிய இந்த மண்டபத்தில்தான் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை இருந்தது. நீங்கள் வருவதற்கு முன்பே பின்வாசல் வழியாக வந்து உள்ளே போய்விட்டார்.

சரி, பேச்சாவது வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கலாமே? முயன்று பார்த்தோம் பெரியோர்களே! நீங்கள் வந்தமர்ந்ததும் ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம் மேடையைக் காலியாக விட்டோம். அதற்குள் ஒரு சம்பந்தம் பேசி முடிந்து, ஒரு சொத்துத் தகராறு தொடங்கி, மூட்டுவலிக்கு மூன்று வைத்தியம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நம் உறவினர்களின் வாயை அடைக்க உலகத்தில் ஒரே வழிதான் இருக்கிறது. மேடையேறி ஒருவன் பேச வேண்டும்! ஆகவே, அவர் எழுதி முடிக்கும்வரை நான் பேசுவேன். கடைத் திறப்பு விழாக்களில் கூரை அதிர முழங்கிய இந்தத் தொண்டை, இன்று கொசுவுக்குப் போட்டியாக ரீங்கரிக்கும்.

மாப்பிள்ளை படிக்கவில்லையா? படித்தார். படித்ததையெல்லாம் வாழ்ந்தும் பார்த்தார். அதுதான் சிக்கல். ஓரிடம் பழுதானாலும் வேலை நிற்காதிருக்க, ஒன்றையே இரண்டு இடங்களில் வைக்க வேண்டும் என்று பாடம். மாப்பிள்ளை என்ன செய்தார்? இடது செருப்பைத் தம் வீட்டிலும் வலது செருப்பை மாமியார் வீட்டிலும் வைத்தார். என் தங்கை தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "நகலை வைக்கச் சொன்னா நீங்க பாதியப் பிரிச்சு வச்சிருக்கீங்க."

இன்னொரு பாடம், பொறுப்புப் பங்கீடு. எந்திரத்தையும் கட்டடத்தையும் காப்பது வாடகைக்கு விடுகிறவர் பொறுப்பு. உள்ளே நாம் வைக்கும் சரக்கு, அதை யார் திறக்கலாம் என்ற பூட்டு சாவி, நம் பொறுப்பு. இரண்டு முறையும் இந்தக் கேள்வியில் எல்லாப் பழியையும் வாடகைக்கு விடுகிறவர் தலையில் போட்டுவிட்டு வந்தார். அப்புறம் ஒருநாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். பால் கெட்டது. பெட்டி செய்த கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தவரிடம் என் தங்கை நிதானமாகச் சொன்னாள்: "குளிர வைக்கிறது அவங்க வேலை. கதவைச் சாத்துறது உங்க வேலை." புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெட்டிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

பெரியப்பா, மூக்கைப் பிடியுங்கள். பிடியுங்கள். துண்டு, யாராவது துண்டு கொடுங்கள். போய்விட்டதா? நல்லது. அந்த ஒரு தும்மலில் ஒரு குடும்பத்தின் சம்பளம் போயிருக்கும்.

கேளுங்கள் அன்பர்களே! தோள் கொடுத்தோம், துணை நின்றோம், வாழ்த்தினோம், வழியனுப்பினோம். ஒரு மனிதருக்காக உறவினர் இருநூறு பேர் கூடி, உண்ணாமல் உரையாடாமல், இருமலை விழுங்கி, இளைப்பை அடக்கி, வந்த சிரிப்பை வாய்க்குள் புதைத்து அமர்ந்திருந்தது எங்கேனும் நடந்ததுண்டா? எந்த அரசருக்கு நடந்தது? எந்த அமைச்சருக்கு நடந்தது? ஒரு சர்வர் அறைக்காரருக்கு நடக்கிறது! என் கண் கலங்குகிறது. அதையும் சத்தமில்லாமல்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

நில்லுங்கள். நடையில் நிற்கும் தங்கை கையைத் தூக்குகிறாள். கதவு திறந்துவிட்டது. முடிவு அங்கேயே திரையில் வந்துவிடும் என்பார்கள். யாரும் எழுந்திருக்காதீர்கள். வருகிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேடைத் திரையை விலக்கிவிட்டு, உங்களையெல்லாம் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். என் காதில் ஏதோ சொல்கிறார்.

பின்வரிசைக்காக, அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பாஸ் ஆயிட்டேன் மச்சான். ஒரு சத்தமும் இல்லையா, யாருமே வரலைன்னு நெனச்சுட்டேன். தோத்தாலும் பாக்க ஆளில்லைன்னு தைரியமா எழுதிட்டேன்."

பெரியோர்களே, தாய்மார்களே, எழுதி வைத்திருந்த முடிவுரையை மடித்துப் பைக்குள் வைக்கிறேன். இத்தனை பேர் வந்திருந்தும், ஒருவரும் வராததைப் போல் அவரை நிம்மதியாக இருக்கவிட்ட உங்கள் அனைவருக்கும், என் தங்கையின் குடும்பத்தின் சார்பில் நன்றி. வணக்கம்.